வீட்டுக்காரன் இல்லாத பந்தி

பிரயாணம் புறப்படுகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் எவரும் எழுதி வைக்காத, ஆனால் எவரும் மீறாத விதி. விடியற்காலை நாலு மணிக்கு ரயில் என்றாலும், மூன்று மணிக்கே எழுந்து அடுப்பை மூட்டி, 'இரண்டு கவளமாவது தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போ' என்று இலையின் முன் உட்கார வைத்து, வழிக்கென்று புளியோதரையைக் கட்டிக் கையில் கொடுத்து, புறப்பட்டவன் தெருமுனை திரும்பும் வரையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவன் போன சூட்டோடு வீட்டைப் பெருக்கினால் ஆகாது என்று துடைப்பத்தையும் தொடாமல் இருந்த தாய்மார்களின் கையால் உண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சாப்பாடு பசிக்காக மட்டும் இடப்பட்டதன்று. போகிறவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையையும், அவன் திரும்பி வரும் வரை இந்த அடுப்பு அவனை நினைத்துக்கொண்டிருக்கும் என்ற உறுதியையும் சேர்த்துத்தான் அந்தத் தாய் அவன் கையில் பிசைந்து வைத்தாள். 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லும் வழக்கத்துக்கும் அந்தக் கடைசிக் கவளத்துக்கும் ஆழ்ந்த சம்பந்தம் உண்டு.

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு, திருச்சிக்குப் போகும் இரவு விமானத்துக்காகச் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த ஒரு மாலையில் இந்த எண்ணம் எனக்குள் முதலில் எழுந்தது. மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்ற நியதிப்படி வந்து, பெட்டியை ஒப்படைத்து, குடிநுழைவுச் சோதனையையும் கடந்து உள்ளே போனபோது பசித்தது. மத்தியானம் மகள் இட்ட சாதம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. எல்லாரும் 'ஃபுட் கோர்ட்' என்று சொல்லும் அந்த உணவுக்கூடத்துக்குப் போனேன். சுற்றிலும் கடைகள், ஒன்றில் கோழிச்சோறு, ஒன்றில் நாசி லெமாக், ஒன்றில் நூடுல்ஸ், ஒன்றில் புரோட்டாவும் தோசையும். நடுவில் வரிசை வரிசையாக மேஜைகள், அவற்றில் தத்தம் கைப்பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டு உண்டுகொண்டிருக்கும் மனிதர்கள். மலாய்க் குடும்பம் ஒன்று உள்ளங்கைகளை ஏந்திப் பிரார்த்தித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் போலத் தோன்றிய ஒரு பெண் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தாள். நானும் ஒரு தட்டுச் சோறும் சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும் வாங்கி வந்து உட்கார்ந்து, அறுபது வருஷத்துப் பழக்கத்தினால், காகிதக் கோப்பையிலிருந்து உள்ளங்கையில் சிறிது நீர் வார்த்துத் தட்டைச் சுற்றிப் பரிசேஷணம் செய்தேன்.

செய்த கை அப்படியே நின்றது. அன்னத்துக்கு நமஸ்காரம் செய்வது சரி. ஆனால் இந்த அன்னத்தை எனக்கு இட்டவர் யார்? எவருடைய வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன்? நான் இங்கே விருந்தினனா, வாடிக்கைக்காரனா, அல்லது இரண்டும் அல்லாத வேறு ஏதோ ஒருவனா? விலை கொடுத்து வாங்கிய சோற்றுக்கு அன்னம் என்ற பெயர் பொருந்துமா? பொருந்துமானால், அந்த அன்னத்தைச் சூழ்ந்திருக்க வேண்டிய தர்மத்தை இந்த இடத்தில் அனுஷ்டிக்க வேண்டியவர் யார்?

நம் முன்னோர்கள் அன்னத்தை ஒருபோதும் தனிப் பொருளாக நினைத்ததில்லை. இடுகிறவனும் உண்கிறவனுமாகிய இருவருக்கிடையே நிகழும் ஒரு செயலாகவே அதைக் கண்டார்கள். விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஆதியில் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாதவனாக, புதியவனாக வாசலுக்கு வந்தவனே விருந்தினன். உறவினனுக்குச் சோறிடுவது அன்பு. புதியவனுக்கு இடுவதே விருந்து. வடமொழியில் வழங்கும் அதிதி என்ற சொல்லுக்குத் திதி இல்லாதவன், இன்ன நாளில் வருவான் என்று குறிக்கப்படாதவன் என்று பெரியோர்கள் பொருள் சொல்வார்கள். அறிமுகமும் இல்லாமல், முன்னறிவிப்பும் இல்லாமல் வருகிறவனை உபசரிப்பதைக் கிருஹஸ்தனுடைய நித்திய வேள்விகள் ஐந்தில் ஒன்றாக வைத்தது நம் சாஸ்திரம். இல்லறத்தின் அதிகாரங்களுக்கு நடுவே விருந்தோம்பலுக்கென ஒன்பதாவது அதிகாரத்தை ஒதுக்கினார் வள்ளுவர்.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அங்கே அமர்ந்திருந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். அந்த அளவில் எல்லாரும் விருந்தே. ஆனால் திதி இல்லாதவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் இன்ன தேதி, இன்ன நிமிஷம், இன்ன வாயில், இன்ன ஆசனம் என்று அச்சடித்த ஒரு சீட்டு இருந்தது. வீட்டுக்காரனைத் தேடினால் அவனும் அகப்படவில்லை. பழைய வீட்டில் வரவேற்றவன், சமைத்தவள், பரிமாறினவள், எச்சிலிட்டவள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே மனத்தோடு இருந்தார்கள். இங்கேயோ இடம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம், கடை மற்றொருவருக்கு வாடகை, சமைக்கிறவர் சம்பளக்காரர், மேஜையைத் துடைப்பவர் வேறொரு ஒப்பந்தக்காரரின் ஆள், 'நேரமாயிற்று, வாருங்கள்' என்று அழைக்கும் குரலோ விமானக் கம்பெனியுடையது. வீட்டுக்காரன் ஒருவன் செய்த காரியத்தைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டு செய்கிறார்கள்; செய்ய வேண்டியவை எல்லாம் நடந்துவிடுகின்றன; ஆயினும் வீட்டுக்காரன் இல்லை.

இப்படி நான் யோசித்துக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தபோது, "ஐயா, இங்க யாரும் வர்றாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தால், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், முதுகில் பெரிய பையும் கையில் ஒரு துணிப்பையுமாக எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இல்லை, உட்காருங்கள் தம்பி" என்றேன். கட்டட வேலையில் இருப்பவன் என்பதும், இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறவன் என்பதும், என்னுடைய விமானத்தில்தான் வருகிறான் என்பதும் இரண்டொரு பேச்சில் தெரிந்தன. எந்த ஊர் என்று கேட்டேன். "பட்டுக்கோட்டைப் பக்கம் ஐயா. திருச்சியில எறங்கி, தஞ்சாவூர் போயி, ஒரத்தநாடு வழியா பஸ்" என்றான்.

ஒரத்தநாடு என்ற பெயரைக் கேட்டதும், என் யோசனைக்கு ஒரு பிடி கிடைத்தது போல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி முக்தாம்பாள் என்ற பெண்மணியின் பெயரால் பெரியதோர் அன்னசத்திரத்தைக் கட்டியது அந்த ஊரில்தான். தஞ்சையிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தும் வண்டியிலும் போகிற யாத்திரிகர்களுக்காக அந்த வழி நெடுகிலும் மராட்டிய அரசர்கள் சத்திரங்களை நிறுவியிருந்தார்கள். ராஜ்யத்தின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போன பிறகு, 1801ஆம் ஆண்டில், சத்திரங்களின் மானியங்களையாவது தம்மிடமே விட்டுவைக்க வேண்டும் என்று வேண்டி, சரபோஜி ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு போயிற்று என்பதற்காக வாதாடாமல், சோறு போய்விடக் கூடாதே என்பதற்காக ஓர் அரசன் வாதாடிய கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை, யாத்திரிகர் யாவராயினும், வந்தவர்களுக்கெல்லாம் சத்திரத்தில் சோறு இடப்படுகிறது என்றும், சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியாகவே அளக்கப்படுகிறது என்றும், நோய்ப்பட்டவர்கள் குணமாகும் வரையில் பராமரிக்கப்படுகிறார்கள் என்றும் அதில் அவர் விவரிக்கிறார். அவற்றுக்கெல்லாம் சிகரமாக அவர் சொல்லும் ஒரு செய்தி உண்டு. நடுநிசி வரையில் அன்னம் வழங்கிக்கொண்டே இருந்து, நடுநிசியானதும் ஒரு மணியை அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாரேனும் இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

அந்த மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். வாசலுக்கு வந்து கேட்டவனுக்குச் சோறிடுவது ஒன்று. கேட்காதவனையும், கேட்க வெட்கப்பட்டுத் திண்ணை இருட்டில் சுருண்டு கிடப்பவனையும் எண்ணிப் பார்த்து, அவன் படுக்கப் போகும் முன் அவன் பசியைத் தேடிக்கொண்டு ஓர் ஒலியை அனுப்புவது வேறொன்று. முன்னது கொடை. பின்னதில்தான் விருந்தோம்பலின் ஆத்மா இருக்கிறது. யார் வந்தார்கள் என்று பார்த்து இடுகிறவன் தன் வாசலை மட்டுமே அறிவான். யார் வரவில்லை என்று கவலைப்படுகிறவனே ஊரை அறிந்தவன்.

ஆனால் சத்திரத்தைப் புகழ்கிற வேகத்தில் உண்மையை மறைத்துவிடுவது அன்னத்துக்குச் செய்யும் துரோகமாகும். எல்லாருக்கும் சோறு இட்ட அதே சமூகந்தான், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண முடியாதபடி பந்தியைத் துண்டு துண்டாக வெட்டியும் வைத்தது. எவர் சமைத்தது, எவர் தொட்டது, எவர் பார்வை பட்டது என்ற விசாரணை, பசித்தவனுக்கும் இலைக்கும் நடுவே சுவராக எழுந்து நின்றது. தேசபக்தர் வ.வே.சு. ஐயர் உயர்ந்த லட்சியங்களோடு 1922இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம், பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனியே உணவளித்த ஒரே காரணத்தினால் தமிழ்நாட்டின் மனச்சாட்சியையே பிளந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 1925இல், பாபநாசம் அருவியில் ஐயர் மறைந்தார். தென்னாட்டு ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் 1940களின் தொடக்கம் வரையில் பிராமணருக்கு ஓர் இடமும் மற்றவருக்கு ஓர் இடமுமாக இருந்தன. ஒரே வண்டியில், ஒரே தண்டவாளத்தின் மேல், ஒரே ஊருக்குப் போகிறவர்கள், காப்பி குடிக்கிற ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

இந்தக் கறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, சாங்கியின் உணவுக்கூடம் ஒரு பெரிய நியாயத்தைச் சத்தமில்லாமல் நிறைவேற்றியிருப்பது எனக்குப் புலப்பட்டது. நூறு தேசத்தார் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்து உண்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் யார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அதே சமயத்தில், ஆசாரத்தை மூடத்தனம் என்று எவரும் இகழவும் இல்லை. ஹலால் உணவின் தட்டுகளுக்கு ஒரு நிறம், மற்றவற்றுக்கு வேறு நிறம். உண்டு முடித்தபின் அவற்றைத் திருப்பி வைக்கும் அடுக்குகளும் தனித்தனி. தட்டுகள் பிரிந்திருக்கின்றன, மனிதர்கள் பிரியவில்லை. நம் பந்திகளில் இலை எல்லாம் ஒன்றாக இருந்தது, மனிதர்களைத்தான் பிரித்தோம். அனுஷ்டானம் என்பது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்காக ஏற்பட்டதே தவிர, பிறனைத் தள்ளி வைப்பதற்காக ஏற்பட்டதன்று என்ற பாடத்தை, நூற்றாண்டுகளாக நாம் படிக்கத் தவறிய பாடத்தை, அந்தப் பிளாஸ்டிக் தட்டுகள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. தெருவோரத்தில் கூவி விற்றவர்களைக் கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்த சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பல இனத்தார் அருகருகே உட்கார்ந்து உண்ணும் அந்த வழக்கத்துக்கு அந்தக் கௌரவம் தகும்.

நியாயம் இருந்தது, ஆனால் மணி இல்லை. காசில்லாதவன் அங்கே சாப்பிட முடியாது. சாப்பிடாதவன் சாப்பிடவில்லை என்பது எவருடைய கவலையும் அன்று. மற்றொரு வித்தியாசமும் என் மனத்தை உறுத்தியது. நம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சேர்ந்து உண்டு சேர்ந்து எழுவார்கள். மெதுவாகச் சாப்பிடும் கிழவருக்காக, மோர் சாதத்தை முடித்துவிட்ட வாலிபனும் கையைக் காயவிட்டுக்கொண்டு காத்திருப்பான். இங்கே ஒவ்வொருவரும் தத்தம் விமானத்தின் கடிகாரத்துக்கு உண்கிறார்கள். எதிரே இருப்பவர் எப்போது எழுந்து போனார் என்பதைக்கூட ஒருவர் கவனிப்பதில்லை. சமமாக உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் சேர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை.

இவ்வளவையும் யோசித்த நான் அத்தனை நேரமும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அந்தப் பையன் முன்னால் வெறும் மேஜை இருந்தது. அவனுடைய ஊரைக் கேட்டேன், பஸ் வழியைக் கேட்டேன், அவன் ஊர்ப் பாதையில் நின்ற சத்திரத்தின் பெருமையை மனத்துக்குள் பாராயணம் செய்தேன், 'சாப்பிட்டாயா தம்பி?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. நான் சுற்றிய நீர் என் தட்டைச் சுற்றி ஒரு வேலியாக நின்றுவிட்டது.

கேட்டவன் அவன்தான். துணிப்பையிலிருந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தான். கறிவேப்பிலையும் கடுகும் தாளித்த தயிர் சாதம், மூலையில் ஒரு சிறு உறையில் எலுமிச்சை ஊறுகாய். திறந்தவன் உடனே கை வைக்காமல், டப்பாவை மேஜையின் நடுவுக்குத் தள்ளி, "எடுத்துக்குங்க ஐயா. ரெண்டு பேருக்குத் தாராளமா வரும்" என்றான். நான் தயங்கினேன். என் தயக்கத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, "மிச்சம் வச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல ஐயா. கேட்டுல செக்கிங் இருக்கு, தயிரு ஊறுகாய்லாம் விட மாட்டாங்க. வீணாப் போயிரும்" என்றான். 2006ஆம் ஆண்டு பிரிட்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகு, 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவப் பாத்திரம் எதையும் கையோடு கொண்டு போகக் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவிற்று. சாங்கியின் பழைய முனையங்களில் அந்தச் சோதனை விமான வாயிலின் அருகிலேயே நடக்கிறது. ஆகவே கட்டுச்சோற்றுக்கு அந்த மேஜைதான் கடைசித் திண்ணை.

யார் செய்து கொடுத்தது என்று கேட்டேன். "ரூம்ல இருக்கிற அண்ணன். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்தவரு, தூங்கப் போகாம சோறு வடிச்சுப் பெசஞ்சு குடுத்தாரு. ஊருக்குப் போறவனை சும்மா அனுப்பக் கூடாதுன்னாரு" என்றான். வீட்டையும் ஊரையும் விட்டுவந்து பத்துப் பேருக்கு மேல் ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிற இடத்திலும், உறவு ஒன்றும் இல்லாத ஒரு மனிதன், தன் தூக்கத்தைப் பிசைந்து இன்னொருவனுக்கு வழிச்சோறு கட்டியிருக்கிறான். அந்தச் சோற்றை இன்னார் சமைத்தது, இன்ன குலத்தான் தொட்டது என்று விசாரிக்க எனக்கு நாக்கு எழவில்லை. என் தட்டில் இருந்த பொரியலையும் அப்பளத்தையும் நடுவில் தள்ளினேன். இரண்டு பேரும் உண்டோம். தயிர் நன்றாக உறைந்து புளிப்பில்லாமல் இருந்தது; அரிசி பச்சரிசி அன்று, தஞ்சாவூர்ப் பக்கத்துப் புழுங்கலரிசி; இஞ்சியைக் கொஞ்சம் பெரிய துண்டாகவே நறுக்கியிருந்தார்கள். எவருக்கும் சொந்தமில்லாத அந்த மேஜையில், இடம் கேட்டு வந்த ஒருவன், நான் அறியாமலே வீட்டுக்காரன் ஆகிவிட்டிருந்தான்.

தைத்திரீய உபநிஷத்தின் பிருகு வல்லியில் ஒரு விந்தை உண்டு. வருணனின் புதல்வனாகிய பிருகு தவம் செய்து, முதலில் அன்னமே பிரம்மம் என்று அறிகிறான். அங்கே நில்லாமல் பிராணன், மனம், விஜ்ஞானம் என்று படிப்படியாக ஏறி, இறுதியில் ஆனந்தமே பிரம்மம் என்ற ஞானத்தை அடைகிறான். சிகரத்தை அடைந்தாயிற்று, இனி அன்னத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது, உபநிஷத்து மறுபடியும் சோற்றுக்கே திரும்பி வருகிறது. அன்னத்தை இகழாதே, தள்ளாதே, பெருக்கு, தங்க வந்தவன் எவனையும் இல்லையென்று திருப்பாதே என்று விரதங்களை வரிசையாக விதிக்கிறது. ஞானத்தின் படிகளில் அன்னம் முதற்படி மட்டும் என்றால், ஏறியவன் ஏன் இறங்கி வர வேண்டும்? நான் புரிந்துகொண்ட அளவில், ஆனந்தத்தை அறிந்தவனுடைய அறிவுக்குப் பரீட்சை அடுத்தவனுடைய பசியிடத்தில்தான் நடக்கிறது. அந்தப் பரீட்சையில் அன்று தேறியவன் எந்த உபநிஷத்தையும் படித்தவன் அன்று. படித்தவன் எதிரே உட்கார்ந்து, தான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நம் தமிழும் இதையே வேறு முகத்தில் சொல்லியிருக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் தெய்வப் பாத்திரம் மணிமேகலைக்குக் கிடைத்தது; ஆனால் அது தானாகச் சோற்றைப் பொழிந்துவிடவில்லை. ஆதிரை என்னும் ஓர் இல்லத்துப் பெண் தன் கையால் முதற்பிச்சை இட்ட பிறகே அது சுரக்கத் தொடங்கியது. அதிசயத்துக்கும் ஒரு மனிதக் கை முதலில் வேண்டியிருந்தது என்பதே அந்தக் காவியத்தின் தர்மம். 1867ஆம் ஆண்டில் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது என்றால், அது விறகின் மகிமை அன்று. பசித்தவன் யார் என்று ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் புதிதாகக் கேட்டுக்கொண்டிருப்பதன் மகிமை.

விலை கொடுத்து வாங்கிய சோறு அன்னமாகுமா என்ற என் முதல் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. ஆகும். அந்தக் கடையில் எனக்குச் சோறு அள்ளி வைத்தவர் சம்பளத்துக்காக நின்றாலும், அவர் கையின் உழைப்பும் அடுப்பின் வெப்பமும், எங்கோ சேற்றில் நாற்று நட்டவளின் முதுகுவலியும் அதில் கலந்தே இருக்கின்றன. நான் கொடுத்த காசு அரிசிக்கும் வாடகைக்கும் கூலிக்கும் ஆயிற்று, 'சாப்பிட்டாயா?' என்ற கேள்விக்கு விலை கிடையாது, ஆகவே அதைக் கடை விற்கவும் முடியாது. அதைப் பழைய நாளில் வீட்டுக்காரன் கேட்டான், சத்திரத்து மணி கேட்டது. வீடும் சத்திரமும் இல்லாத இடத்தில் அதைக் கேட்கும் கடமை, உண்ண உட்கார்ந்த ஒவ்வொருவர் மேலும் வந்து விழுகிறது. கிருஹஸ்தனுடைய தர்மம் அழிந்துபோகவில்லை. கிருஹத்தை விட்டு வெளியே வந்து, மேஜைக்கு மேஜை ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. பசியாற்றும் தர்மத்தை இப்படித் தனி மனிதர்களின் நல்ல மனத்துக்கு மட்டும் விட்டுவிடலாமா, அதற்கு அரசும் மானியமும் வேண்டாவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேண்டும், சரபோஜி மன்னர் வாதாடியதும் அதற்காகத்தான். ஆனால் மானியம் அரிசியைத் தரும். நடுநிசியில் எழுந்து மணியின் கயிற்றை இழுக்க ஒரு மனிதன் வேண்டும்.

நாங்கள் உண்டு முடித்தோம். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இத்தகைய கூடங்களில் சாப்பிட்டவரே தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். தன் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்த பையன், நான் எழுவதற்குள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுக்கை நோக்கி நடந்துவிட்டான். அப்போது மேஜையைத் துடைப்பதற்காக, எழுபதுக்குக் குறையாத வயதுடைய ஒரு சீன மூதாட்டி, கையில் ஈரத்துணியோடு வந்தாள். ராஜசூய யாகத்தில் வந்தவர்களின் பாதங்களை விளக்கும் பணியைக் கண்ணபிரான் ஏற்றுக்கொண்டான் என்று பாரதம் சொல்லும்; எச்சில் இலைகளையும் அவனே எடுத்தான் என்று நம் கதாகாலட்சேபக்காரர்கள் கூட்டிச் சொல்வார்கள். அத்தனை மன்னர்கள் கூடிய சபையில் முதல் பூஜைக்கு உரியவன், கடைசி வேலையைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். அந்த மூதாட்டி நாலு பருக்கை சிந்தியிருந்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடியும் ஒரு முறை வட்டமாகத் துடைத்தாள். எங்கள் வீட்டில் பாட்டி சாணத்தால் எச்சிலிடும்போது கை போகிற அதே வட்டம்.

தட்டை வைத்துவிட்டு வந்த பையனை ஏறிட்டுப் பார்த்து, "மக்கான் சுடா?" என்றாள் அவள். சாப்பிட்டாயிற்றா என்பதற்கு அந்த ஊரில் எல்லா இனத்தாரும் வழங்கும் மலாய் மொழி. சீனர்களிடையிலும் ஒருவரையொருவர் கண்டால் நலம் விசாரிக்கும் வழக்கு இதுதான் என்று மகள் சொல்லியிருக்கிறாள். "சுடா, ஆண்ட்டி" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள். அவளுக்கு அவன் யார் என்று தெரியாது. அவன் இன்னும் சில நாழிகைக்குள் ஆகாயத்தில் இருப்பான், மறுபடி அவளைப் பார்க்கவும் மாட்டான். ஆனாலும் கேட்டாள்.

ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லி, இன்னும் வராதவர்கள் வாயிலுக்கு வரும்படி அழைத்தார்கள். பையன் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாமா ஐயா?" என்றான். நாற்காலியை விட்டு எழும்போது, தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி நின்ற ஒருவரைக் கண்டேன். அவரை அந்த இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு மேஜை தள்ளிக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் போனேன். எனக்கு மலாய் தெரியாது. அவளிடம் கேட்ட அந்த இரண்டு சொற்கள் மட்டும் தெரியும். "மக்கான் சுடா?" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். துணியை மடித்துக்கொண்டே, இன்னும் இல்லை என்று தலையை அசைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி, ஒன்பது என்று விரல்களால் எண்ணிக் காட்டினாள்.